டோக்கியோவில் வாள் பார்க்க

டோக்கியோவுக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று: "அங்கே நல்ல ஜப்பானிய வாள் எங்கே பார்க்கலாம்?" குரோசவா படம் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அனிமே பார்த்துவிட்டுக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்து, இரும்பின் மேல் உள்ள ஆசையால் கேட்டவரும் உண்டு. எந்த வழியாக வந்தாலும் சரிதான். போனில் சொல்லி முடியாத அளவுக்குப் பதில் நீண்டுவிடுவதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இடங்களைச் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். கொஞ்சமாகப் பாருங்கள். ஒரு மதியத்துக்கு நாலைந்து வாள் போதும். ஐம்பது வாளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால், வெளியே வரும்போது வளைந்த பளபளப்பான இரும்பு என்பதைத் தாண்டி மனதில் எதுவும் நிற்காது. ஒரே வாளின் முன்னால் பத்து நிமிடம் நின்றவருக்குத்தான் அது தன்னைக் காட்டத் தொடங்கும். நான் கீழே சொல்லப்போகும் வரிசைகூட அதற்காகத்தான். பேரும் புகழும் உள்ள வாள்களை முதல் நாளே தேடி ஓட வேண்டாம். முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு அவற்றிடம் போங்கள்.

அதனால் முதல் இடம் ரியோகோக்கு. சுமோ மல்யுத்த அரங்கமான கோகுகிக்கான் இருக்கும் வட்டாரம். ஜே.ஆர். சோபு லைனில் இறங்கி, மேற்கு வாசல் வழியாக அரங்கத்தைத் தாண்டி நடந்தால் பழைய யாசுதா தோட்டம் வரும். ஒரு குளம், அதைச் சுற்றி மரங்கள், குளத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் அடக்கமாக ஒரு கட்டடம். அதுதான் வாள் அருங்காட்சியகம். முன்பு யோயோகி பக்கம் இருந்தது, 2018 ஜனவரியில் இங்கே வந்தது. கட்டடம் ஃபுமிஹிகோ மாகி வடிவமைத்தது. நடத்துவது ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். இந்தச் சங்கம் 1948இல் எப்படிப் பிறந்தது என்பது ஒரு தனிக் கதை, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

காட்சிக்கூடம் மேல்மாடியில், ஒரே பெரிய அறை. வாள்களும் வாள் சம்பந்தப்பட்ட பொருள்களும் தவிர வேறு எதுவும் கிடையாது. கூட்டமும் பெரும்பாலும் இருக்காது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு கண்காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் மூடிவிடுவார்கள். தேதி பார்க்காமல் கிளம்பினால் தோட்டத்துக் குளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் பலருக்கு ஒரு ஏமாற்றம் வரும். கைப்பிடி எங்கே? உறை எங்கே? பட்டுக் கயிறு சுற்றிய அந்த அழகெல்லாம் எங்கே? அங்கே இருப்பது வெள்ளைத் துணியின் மேல் கிடத்திய வெறும் அலகு. ஒரு முனை பளபளக்கும், மறுமுனையில் கைப்பிடிக்குள் போகும் பகுதி துரு ஏறிக் கருத்து, ஓட்டையோடு இருக்கும். ஜப்பானில் வாளைப் பார்ப்பதென்றால் இப்படித்தான். கைப்பிடியும் உறையும் காலத்துக்குக் காலம் மாறும், தேயும், புதிதாகச் செய்துகொள்ளலாம். எண்ணூறு ஆண்டு தாண்டி வந்தது இந்த அலகுதான். கருத்த பகுதியைச் சுத்தம் செய்யாமல் விட்டிருப்பதும் வேண்டுமென்றே. அந்தத் துருவின் நிறத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். கொல்லர் தன் பெயரைப் பொறிப்பதும் அங்கேதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த அறையில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர். நான் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "கொஞ்சம் தாழ்ந்து பாருங்கள்" என்றார். பிறகு விளக்கைக் காட்டினார். கூடத்தில் வாள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முழங்காலை மடக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

பெட்டிக்கு மேலே ஒரு விளக்கு இருக்கும். அதன் பிம்பம் அலகின் மேல் ஒரு வெளிச்சத் திட்டாக விழும். நீங்கள் தாழத் தாழ அந்தத் திட்டு கூர்விளிம்பை நோக்கி நகரும். அது விளிம்புக்கு அருகே வரும் நொடியில், அதுவரை வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்த இடத்தில் இன்னொரு கோடு எழும்பி வரும். அலை அலையாக, அல்லது மொட்டு மொட்டாக, அல்லது நேராக. இதுதான் ஹமோன். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனிபோலப் பொடிப்பொடியாக மின்னும். துகள்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் ஒரு பெயர், புகைபோல ஒன்றாகத் தெரிந்தால் வேறு பெயர். எந்தப் பள்ளி, எந்தக் கொல்லர் என்பதற்கு அது முக்கியமான தடயம்.

அது யாரும் வரைந்த கோடு அல்ல. நெருப்பும் தண்ணீரும் போட்டது. நம்மூர்ப் பட்டறையில் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஜப்பானியக் கொல்லர் அலகின் மேல் களிமண் பூசுகிறார். முதுகுப் பக்கம் கனமாக, விளிம்புப் பக்கம் மெலிதாக. உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கும்போது மெலிதாகப் பூசிய விளிம்பு சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமான எஃகாகிறது. கனமாகப் பூசிய முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன். வாளின் வளைவும் அந்தக் கணத்தில்தான் முழுமையாகிறது. தண்ணீருக்குள் அலகு தானே வளைந்துகொள்கிறது. எவ்வளவு வளையும் என்று கொல்லர் முன்பே கணித்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் செய்த வேலை அந்தத் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டுப் போவதும் உண்டு.

ஹமோனைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்து உடம்பைப் பாருங்கள். விளிம்புக்கும் முதுகுக்கும் இடைப்பட்ட சாம்பல் பரப்பில் மரத்தின் ரேகைபோல ஒரு நெளிவு தெரியும். எஃகைப் பிளந்து, மடித்து, அடித்து, மறுபடி மடித்து வந்த தடம் அது. மடிப்பு பத்து முதல் பதினைந்து தடவை என்பார்கள். பதின்மூன்று தடவை மடித்தால் எட்டாயிரத்துக்கு மேல் அடுக்குகள். சாம்பல் பரப்பில் இந்த ரேகையைப் பார்க்கப் பொறுமை வேண்டும். பலர் ஒற்றைக் கண்ணுக்கு வைக்கும் சின்னத் தொலைநோக்கி கொண்டுவருவார்கள். உங்களிடம் பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், அருகில் இருப்பதைக் காட்டும் வகையாக இருக்க வேண்டும்.

இந்தச் சங்கம் வாள் காட்டுவதோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஷிமானே மாநிலத்தின் மலைப்பகுதியான ஒகுஇசுமோவில் 1977 முதல் ஒரு பழைய முறை உலையை நடத்துகிறார்கள். குளிர்காலத்தில்தான் மூட்டுவார்கள். களிமண்ணால் கட்டிய உலையில் மூன்று இரவும் பகலும் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிப் போடுகிறார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 10 டன் மணல், 12 டன் கரி. கடைசியில் உலையையே உடைத்து எடுப்பது சுமார் இரண்டரை டன் கட்டி. அதிலும் வாளுக்கு ஏற்ற முதல்தர எஃகு ஒரு பகுதிதான். நாடு முழுக்க உள்ள கொல்லர்களுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். இது இல்லாவிட்டால் இன்று புது வாள் செய்வது என்பதே கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும். ஆண்டுதோறும் இன்றைய கொல்லர்கள் செய்த வாள்களுக்கான போட்டிக் கண்காட்சியும் ரியோகோக்குவில் நடக்கும். அது நடக்கும் சமயம் போக வாய்த்தால் விடாதீர்கள். பழைய வாள்களில் பல நூற்றாண்டுச் சாணை பட்டு எஃகு தேய்ந்திருக்கும். புதியது முழு உடம்போடு, கனத்தோடு நிற்கும். எனக்கு அந்தக் கண்காட்சி பழைய வாள்கள் அளவுக்கே முக்கியம். ஐந்து ஆண்டுகள் ஒரு குருவிடம் இருந்து, அரசு நடத்தும் பயிற்சியையும் முடித்து, உரிமம் வாங்கி, மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் வாழும் மனிதர்களின் வேலை அது.

அடுத்த நாள் உயெனோ. டோக்கியோ தேசிய அருங்காட்சியகம். 1872இல் தொடங்கியது. இன்றைய பிரதானக் கட்டடம் 1938இல் திறந்தது. பூங்கா வழியாக நடந்து போகலாம். பிரதானக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 13ஆம் அறை. ஜப்பானியர்கள் அதை முதல் மாடி என்பார்கள், நமக்கு அது தரைத்தளம். வாள்கள் அங்கே ஒரு வரிசையாக இருக்கும். மேலே 5, 6ஆம் அறைகளில் போர்வீரர்களின் கவசம், தலைக்கவசம், அலங்கார உறையோடு கூடிய வாள்கள். கைப்பிடியும் உறையும் எங்கே என்று ரியோகோக்குவில் கேட்டவர்களுக்கு இங்கே விருந்து.

ஜப்பானில் 'வானுக்குக் கீழே ஐந்து வாள்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இரண்டு இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: தோஜிகிரி யாசுத்சுனா, மிகசுக்கி முனேச்சிக்கா. மற்ற மூன்றில் ஒன்று பேரரசர் குடும்பத்தின் உடைமை, ஒன்று மாயெதா குடும்பத்தின் அறக்கட்டளையிடம், ஒன்று ஹியோகோவில் ஒரு பௌத்தக் கோயிலில். ஆகவே இதில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் உயெனோதான் நம்பிக்கையான இடம். ஆனால் எப்போதும் வெளியே இருக்காது. வாள்களைச் சில மாதங்களுக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் 13ஆம் அறையில் இப்போது என்ன இருக்கிறது என்று பெயர் பெயராகப் போட்டிருப்பார்கள். கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிகசுக்கி முனேச்சிக்கா வெளியே இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கியோத்தோவின் சான்ஜோவில் வேலை செய்த முனேச்சிக்காவின் கை. நீளம் 80 சென்டிமீட்டர். அடிப்பக்கம் அகன்று, ஆழமாக வளைந்து, நுனிக்குப் போகப் போகச் சட்டென்று ஒடுங்கும். ஹமோனை ஒட்டி அங்கங்கே சின்னப் பிறை வடிவங்கள் மின்னும். ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் மனைவி நெனேயிடம் இருந்து, அடுத்து ஆண்ட தொக்குகாவா குடும்பத்துக்குப் போனது. 2015 ஜனவரியில் வெளிவந்த தோக்கேன் ரன்பு என்ற விளையாட்டில் புகழ்பெற்ற வாள்களெல்லாம் இளைஞர்களாக உருவெடுத்து வருவார்கள், இந்த வாளும் அதில் ஒரு நாயகன். அதன் பிறகு இதன் முன்னால் இளம்பெண்களின் வரிசை நீண்டுவிட்டது. பழைய சேகரிப்பாளர்களில் சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பெண்கள் மேல் பெரிய மரியாதை. அவர்கள் குறிப்பேட்டோடு வருகிறார்கள், முழங்காலை மடக்கிப் பார்க்கிறார்கள், கொல்லரின் பள்ளியும் காலமும் தெரிந்து பேசுகிறார்கள். வயதானவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அவர்கள்தான் மறுபடி ஆள் சேர்த்தார்கள்.

இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம். அங்கே நான் முதலில் தேடுவது ஓகனேஹிரா. பிசென் நாட்டு, அதாவது இன்றைய ஒகயாமாப் பக்கத்து, கனேஹிரா செய்தது. அலகு 89 சென்டிமீட்டர், அகலமும் பெரிது, எடை 1.35 கிலோ. அந்த அளவுக்கு அது தடித்திருக்க வேண்டும், தடிக்கவில்லை. இவ்வளவு பெரிய அலகை இவ்வளவு மெலிதாக, கோணாமல் அடித்து எடுத்த கையைத்தான் நான் பார்க்கப் போவேன். இன்னொன்று கொர்யூ ககேமித்சு. அடிப்பக்கத்தில் ஒரு சின்ன டிராகன் செதுக்கியிருக்கும். 1322 என்று தேதி பொறித்தது. மெய்ஜி பேரரசர் தன் இடுப்பில் அணிய விரும்பிய வாள். இஷிதா மசமுனேயும் இங்கேதான். மசமுனே என்ற கொல்லரின் பேர் கேள்விப்படாதவர்கள் குறைவு. இந்த வாளின் முதுகில் வெட்டுக்காயங்கள் இருக்கின்றன, எதிராளியின் வாள் பட்ட தடங்கள். அதைச் சாணை பிடித்து அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

போகிற போக்கில் ஒரு குறிப்பு. சில வாள்கள் கூர்விளிம்பு கீழே பார்க்க வைத்திருக்கும், சில மேலே பார்க்க. பழைய காலத்துத் தாச்சி இடுப்பிலிருந்து தொங்கவிட்டு அணிவது, அதனால் விளிம்பு கீழே. பிற்காலத்துக் கத்தானா கச்சைக்குள் செருகுவது, அதனால் மேலே. பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்றே இந்த ஒன்றை வைத்துப் பாதி சொல்லிவிடலாம். நிறையத் தாச்சிகளை ஒட்ட நறுக்கிக் கத்தானாவாக மாற்றிக்கொண்டார்கள். நறுக்கியது அடிப்பக்கத்தில் என்பதால் கொல்லரின் பெயரும் அதோடு போய்விட்டது. பெயர் இல்லாத வாளை யாருடையது என்று சொல்வதற்கென்றே ஹொனாமி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்திருக்கிறது. அவர்களுக்கும் ஆதாரம் அந்த ரேகையும் ஹமோனும் வளைவும்தான்.

இப்போது, ரியோகோக்கு சங்கம் பிறந்த அந்தக் கதை. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்க நேச நாட்டுப் படை உத்தரவிட்டது. வாளும் ஆயுதம்தானே. வீடு வீடாகக் குடும்ப வாள்கள் போலீஸ் நிலையங்களுக்கு வந்தன. கடலில் கொட்டியவை உண்டு, உருக்கியவை உண்டு, சிப்பாய்கள் நினைவுப்பொருளாகக் கப்பலேற்றியவை உண்டு. டோக்கியோவின் வடக்கே அகபானேயில் இருந்த அமெரிக்கப் படைக் கிடங்கில் மலைபோல வாள்கள் குவிந்தன. அப்போது ஹொம்மா ஜுன்ஜி என்ற வாள் அறிஞர் அமெரிக்க அதிகாரிகளிடம் போய்ப் பேசினார். இவை கலைப்பொருள்கள், அழித்தால் திரும்ப வராது என்று வாதாடினார். காட்வெல் என்ற கர்னல் காது கொடுத்துக் கேட்டார். கலைமதிப்பு உள்ள வாள்களை விட்டுவைக்கலாம் என்று முடிவாயிற்று. அகபானேயிலிருந்து பொறுக்கி எடுத்த சுமார் 5,500 வாள்கள் 1947இல் உயெனோவுக்கு வந்தன. மறு ஆண்டு ஹொம்மாவும் அவரைப் போன்றவர்களும் சேர்ந்து அமைத்ததுதான் ரியோகோக்குவில் இருக்கும் அந்தச் சங்கம். அகபானே வாள்களில் சொந்தக்காரர் தெரியாதவை அரை நூற்றாண்டு காத்திருந்து, 1999இல் நாடெங்கும் உள்ள பொது அருங்காட்சியகங்களுக்குப் போயின. தோற்ற நாட்டின் ஓர் அறிஞரும் வென்ற படையின் ஓர் அதிகாரியும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிருக்காவிட்டால் இன்று நான் இப்படி இடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு மேல் நாள் இருப்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே இன்னும் சில இடங்கள். நிஹோன்பாஷியில் மித்சுயி நினைவு அருங்காட்சியகம், தேசியப் பொக்கிஷமான ஹ்யூகா மசமுனே என்ற குறுவாள் அவர்களுடையது. மருனோஉச்சியில் 1934இல் கட்டிய மெய்ஜி செய்மெய் கட்டடத்தில் 2022 முதல் செய்காதோ அருங்காட்சியகம், மித்சுபிஷியை நடத்திய இவாசாக்கி குடும்பத்தின் சேகரிப்பு. மெஜிரோவில் ஹொசொகாவா பிரபுக்களின் எய்செய் புன்கோ. மூன்றிலும் நல்ல வாள்கள் உண்டு, ஆனால் வாள் கண்காட்சி நடக்கும்போது மட்டும்தான் அவை வெளியே வரும். மற்ற நாட்களில் தேநீர்க் கிண்ணமோ ஓவியமோ இருக்கும். ஷின்ஜுகு, அசாக்குசா பக்கங்களில் கவசம் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது சந்தோஷம். வாள் பார்க்க என்று நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

யாசுக்குனி கோயிலைப் பற்றி வேகமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அங்கே யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகம் இருக்கிறது, 1882இல் தொடங்கியது. கோயில் வளாகத்திலேயே 1933 முதல் 1945 வரை பட்டறை போட்டு, படை அதிகாரிகளுக்காகப் பழைய முறையில் சுமார் 8,100 வாள்கள் அடித்தார்கள். கைவேலை என்று பார்த்தால் அவை உயர்ந்தவை, சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். யூஷூகானிலும் வாள்கள் இருக்கின்றன. ஆனால் வாசல் கூடத்தில் நுழைந்ததும் ஒரு தமிழர் பார்க்கப்போவது ஒரு நீராவி எஞ்சின். சி56 வகை, 31ஆம் எண். போரின்போது ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் ஓடியது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதைப் போட மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் பசியிலும் அடியிலும் காட்டுக்குள்ளேயே செத்தவர்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை. மலேசியாவில் எனக்குத் தெரிந்த முதியவர்களுக்கு ஜப்பானிய வாள் என்றால் அந்த அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியதுதான் நினைவு. கலை என்று நான் பேசத் தொடங்கினால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும், அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. அந்த எஞ்சினின் முன்னால் நின்றபோது, அதற்குப் பக்கத்தில் நம் மக்களுக்கு ஒரு பெரிய பலகை இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முனேச்சிக்காவின் வாளை நேசிப்பதற்கு இதை மறக்க வேண்டியதில்லை. இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அலகைவிட வேலைப்பாட்டில் மனம் போகிறவர்களுக்கு அவோயாமாவில் நெசு அருங்காட்சியகம். கெங்கோ குமா வடிவமைத்த கட்டடம், பின்னால் அடர்ந்த தோட்டம். மித்சுமுரா என்ற சேகரிப்பாளர் திரட்டிய வாள் அணிகலன்களை 1909இல் நெசு கைச்சிரோ ஒட்டுமொத்தமாக வாங்கினார். கைக்காப்புத் தகடு, கைப்பிடியின் மேல் பதிக்கும் சின்ன உலோக உருவங்கள், உறையில் செருகும் குறுங்கத்தி என்று எல்லாம் தங்கமும் செம்பும் கறுப்பேற்றிய உலோகமுமாக இருக்கும். இதுவும் சிறப்புக் கண்காட்சியின்போது பார்க்க வேண்டியது. கைப்பிடிகளைப் பார்க்க நேர்ந்தால், குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய பட்டுக் கயிற்றின் இடைவெளியில் வெள்ளையாக மணி மணியாகத் தெரியும் தோலைக் கவனியுங்கள். அது திருக்கைத் தோல். கை வழுக்காமல் இருக்க உதவும். ஜப்பானில் நல்ல தோல் போதவில்லை, கடல் கடந்து வரவழைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி நாகசாகிக்குக் கொண்டுபோன சரக்குகளில் மான்தோலும் திருக்கைத் தோலும் உண்டு. அதில் ஒரு பகுதி, பழவேற்காட்டைத் தலைமையிடமாக வைத்து அவர்கள் வியாபாரம் செய்த நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. எந்தக் கைப்பிடியில் எந்தக் கடலின் மீன் என்று பெட்டிக்கு வெளியே நின்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வெள்ளை மணிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் கரை நினைவுக்கு வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்க முடியாதா என்று கேட்பீர்கள். கின்சாவிலும் தோரனோமோனிலும் பழைய வாள் கடைகள் இருக்கின்றன. சும்மா பார்ப்பவர்களையும் பெரும்பாலும் மரியாதையாக நடத்துவார்கள், ஆனால் அது கடை, அருங்காட்சியகம் அல்ல என்பது நம் நினைவில் இருக்க வேண்டும். அவர்களாக எடுத்துக் கொடுத்தால் ஒழியத் தொடாதீர்கள். கொடுத்தால் மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வைத்துவிட்டு, வாளுக்கு ஒரு தடவை தலை வணங்கி வாங்கிக்கொள்ளுங்கள். அலகை விரலால் தடவவே கூடாது, விரலின் ஈரமே துருப்பிடிக்கப் போதும். கையில் வாள் இருக்கும்போது பேசவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். இலையுதிர்காலத்தில் போகிறவர்கள் ஷிம்பாஷி பக்கத்தில் உள்ள டோக்கியோ கலை மன்றத்தில் நடக்கும் பெரிய வாள் சந்தையை விசாரித்துக்கொள்ளுங்கள். நாடெங்கும் உள்ள வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ் வருவார்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். ஜப்பானில் வாளுக்கு உரிமம் ஆளின் பேரில் இல்லை, வாளின் பேரில். ஒவ்வொரு வாளுக்கும் மாநிலக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச் சீட்டு இருக்கும். சீட்டு இல்லாத வாளைக் கையில் வைத்திருப்பதே குற்றம். நாட்டைவிட்டு எடுத்துப்போக கலாசார முகமையின் அனுமதி வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், கடைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தவை எந்த விலைக்கும் வெளியே போகாது. இந்தியாவுக்குள் கொண்டுவர இங்கே ஆயுதச் சட்டமும் சுங்கமும் இருக்கின்றன, அதைக் கிளம்புமுன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்றால், சுபா வாங்குங்கள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கைக்காப்புத் தகடுதான். உள்ளங்கை அளவு, ஏழு எட்டு சென்டிமீட்டர். பதிவுச் சீட்டு தேவையில்லை. தங்கம் பதித்தவை விலை கூட இருக்கும், வெறும் இரும்பில் பூவோ கொக்கோ ஊடுருவ வெட்டியவை எட்டும் விலையிலேயே கிடைக்கும். எனக்கு இரும்பில் செய்தவைதான் பிடிக்கும். வாங்குமுன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பழைய இரும்பாக இருந்தால் நிறம் கறுப்பு, அதற்குள் கொஞ்சம் ஊதா.